ஆறு வரி தெரியும் பெட்டி

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு எங்கள் இருநூற்று எழுபத்து மூன்றாவது நாவலுக்காக வாங்கியது. முதல் பக்கத்தில் கோகிலா பிள்ளையார் சுழி மட்டும் போட்டு வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே நான் எழுதுகிறேன்.

காலை ஒன்பதே முக்காலுக்குப் போனில் அவளுடைய செய்தி வந்தது. ‘அக்கா, இனி வெள்ளிக்கிழமை மட்டும் வர்றேனுங்க. வீட்டில் கொஞ்சம் எழுத்து வேலை இருக்குது.’

ஆளை அறிமுகப்படுத்தாமல் கதையைத் தொடங்கக் கூடாது என்பது என் வழக்கம். நாட்குறிப்புக்கும் அதுதான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ‘மணிவாணி’. மணி நான், சாந்தாமணி. வாணி அவள், கோகிலவாணி. மாதம் எங்கள் குடும்ப நாவல் ஒன்று வராத பஸ் ஸ்டாண்டு கடை ஈரோட்டில் கிடையாது. கதை என்னுடையது. நான் சொல்வேன், அவள் எழுதுவாள். பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்துச் சென்னைக்கு அனுப்பிவிடுவாள். இருபத்து மூன்று வருடமாகத் திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு என் சாப்பாட்டு மேசைக்கு வந்து ஒரு மணிக்குப் போகிறவள். பின்னட்டையில் என் படம் மட்டும்தான் வரும். தன் படம் வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள். நானும் ஒரு தடவை கேட்டேன்.

எழுத்து வேலையாம். என் மேசையில் இல்லாத எழுத்து வேலை அவளுக்கு என்ன?

ஜூன் 13, வெள்ளி

வந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். கீழே தமிழ் எழுத்து ஒட்டிய விசைகள். மேலே கையகலத்தில் ஒரு திரை. அது டிவி போலப் பளபளக்கவில்லை, செய்தித்தாள் மாதிரி மங்கலாக இருந்தது. கோயமுத்தூரில் ஒரு இன்ஜினியர் எழுதுகிறவர்களுக்காகவே செய்து விற்கிறாராம்.

“இதுல என்ன வரும்?” என்றேன்.

“ஒண்ணும் வராதுங்க்கா. நெட்டு இல்ல, போன் இல்ல. அடிச்சா எழுத்து வரும், அவ்வளவுதான். ஒரே நேரத்துல ஆறு வரி தெரியும். மேல போய்ப் படிக்கலாம், ஆனா நடுவுல புகுந்து திருத்த முடியாது. கடைசியில இருந்து அழிக்கலாம், இல்லாட்டி மேல மேல எழுதிட்டே போலாம்.”

“திருத்த முடியாத மிஷின் எதுக்கு?”

“திருத்திட்டே உக்காந்திருந்தா நான் எப்பவும் எழுதி முடிக்க மாட்டேனுங்க்கா.”

எங்கள் நாவலை மாதம் தவறாமல் முடித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அந்தப் பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்த விதத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வைத்தாள்.

கதை சொன்னேன். நோட்டில் எழுதினாள். மூன்று தடவை மணி பார்த்தாள்.

ஜூன் 16, திங்கள்

மாவு பொங்கி வழிந்துவிட்டது. பத்திலிருந்து ஒரு மணி வரை அதைத் துடைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

நேராகவே கேட்டேன். “அந்தப் பெட்டியில என்ன எழுதற?”

“ஒரு கதைதானுங்க்கா.”

“யாரு கதை?”

“இன்னும் வெளியில சொல்ற மாதிரி வரலீங்க்கா.”

“எங்கிட்டச் சொல்றது வெளியிலயா?”

சிரித்தாள். நோட்டைப் பிரித்தாள். நான் அவளிடம் சொல்லாத கதை உண்டா? என் நாத்தனார் சண்டை, எனக்கு முதல் குழந்தை தங்காமல் போனது, என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தது, எல்லாம் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அவள் போன பிறகு அது நிச்சயமாகவே ஆகிவிட்டது.

சென்னையிலிருந்து பதிப்பாளர் திருமாறன் பேசினார். ஆகஸ்ட் நாவல் எங்கே என்று கேட்டார். வந்துகொண்டே இருக்கிறது என்றேன்.

ஜூன் 25, புதன்

அவள் இல்லாவிட்டால் என்ன, நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். கதை முழுக்க மனதில் தயாராக இருக்கிறது. மூத்த மருமகள் இளையவளுக்காக வீட்டை விட்டுக் கொடுக்கிறாள். பத்து மணிக்குத் தொடங்கி பத்தரைக்கு முடித்துவிட்டேன். இரண்டே கால் பக்கம் வந்தது.

நூற்று இருபது பக்கம் வேண்டும். பேனா சரியில்லை.

ஜூலை 4, வெள்ளி

கோகிலாவின் மகளுக்குப் பெங்களூரில் பிரசவ நேரம். புருஷனும் பெண்டாட்டியும் நாளைக்குக் கிளம்புகிறார்களாம், இரண்டு வாரம் ஆகுமாம். வீட்டின் இன்னொரு சாவியை என் கையில் கொடுத்தாள்.

“மாடியில செடி இருக்குதுங்க்கா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி ஊத்தினாப் போதும்.”

“மிஷினை எடுத்துட்டுப் போறயா?”

“அங்க எங்கீங்க்கா எழுத முடியும். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடக்கவே சரியா இருக்கும்.”

அதற்காகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டேன்.

ஜூலை 7, திங்கள்

செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இருபத்து மூன்று வருடத்தில் அந்த வீட்டுக்குள் நான் போனது இது நான்காவது தடவை. எப்போதும் அவள்தானே இங்கே வருவாள். ஜன்னலோரம் சின்ன மேசை, மர நாற்காலி, அதன் மேல் மடித்த போர்வை. மேசையில் பெட்டி. தூசி படியாமல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தாள்.

துண்டில் கொஞ்சம் தூசி இருந்தது. அதை உதற எடுத்தேன். பெட்டியின் ஓரத்தில் இருந்த விசை கையில் பட்டது.

என் கதை இல்லை. முதல் திரையிலேயே தெரிந்துவிட்டது. மஞ்சள் மண்டியில் பில் எழுதும் ஒரு பெண்ணின் கதை. கோகிலா கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் மஞ்சள் மண்டியில் வேலை பார்த்தாள், அது எனக்குத் தெரியும். அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. ஆறு ஆறு வரியாகப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை படித்தேன். நின்றுகொண்டே படித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் தப்பு என்று பட்டது.

ஜூலை 8, செவ்வாய்

இன்று தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள் இல்லை. வெயில் அதிகம், செடி வாடிவிடும்.

ஞானவேல் என்று ஒருவர். மஞ்சள் வாங்க வரும் வியாபாரியின் ஆள். சாக்குக்குள் கைவிட்டு ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். விரலி என்றால் விரல் போல நீளமாக இருக்கும் மஞ்சள். ஒடியும் சத்தத்தை வைத்து அது காய்ந்த பக்குவத்தைச் சொல்லிவிடுவார். ஒடித்ததில் ஒரு பாதியை பில் எழுதும் பெண்ணின் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நாலு வருடம் அவ்வளவுதான் நடக்கிறது. அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. கடைசி நாள் அவர் வரவில்லை. அந்த மேசை இழுப்பறையைத் திறந்தால் மஞ்சள் துண்டுகள் நிறைந்து கிடக்கின்றன.

இது நடந்த கதை. இட்டுக்கட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில்.

வாரம் மூன்று நாள், இருபத்து மூன்று வருடம் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் சொன்னதில்லை. நெட்டில்லாத, போனில்லாத, வாயில்லாத ஒரு பெட்டியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

நான் வருகிறேன். கதையின் பின்பாதியில் வருகிறேன். மொத்தம் பதினொரு திரை.

என்னைப் பற்றிக் கேவலமாக எழுதியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அவள் எழுதியிருப்பது இது. வரிசை மாறாமல் இங்கே எழுதி வைக்கிறேன்:

‘வாரத்தில் மூன்று நாள் ஒரு வீட்டுக்குக் கதை எழுதப் போனேன். அந்த அம்மா கதை சொல்வார். நல்லவர். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்கு எப்போதும் தெரியும். அதனால் அவர் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்.’

பதினொரு திரையும் முடிந்ததும் மறுபடி மஞ்சள் மண்டி வந்துவிடுகிறது. நான் திரும்ப வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சாப்பாடு போட்டேன். “ஏம்புள்ள, ரசத்துல உப்பே இல்லையே” என்றார். “உங்களுக்கு நான் எதையும் கேக்காதவளாத் தெரியுதா?” என்றேன். அவர் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஜூலை 10, வியாழன்

இன்று செய்ததை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

அவள் விட்ட இடம் வரைக்கும் படித்துவிட்டேன். இருபது வருடம் கழித்து அந்தப் பெண் மஞ்சள் வாங்க மண்டிக்குப் போகிறாள். வாசலில் நரைத்த தலையோடு ஒருவர் நிற்கிறார். முகம் அடையாளம் தெரியவில்லை. அவர் சாக்கில் கைவிட்டு ஒரு விரலியை எடுத்து ஒடிக்கிறார். அந்தக் கடைசி ஒன்றரைப் பக்கத்தை நான்கு தடவை படித்தேன். நான்காவது தடவை முடித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அப்படி ஒரு வாசலை நான் ஒரு நாவலிலும் சொன்னதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன்.

‘அப்போது எதிரே ஒரு லாரி பேய் வேகத்தில் வந்தது. ஞானவேல் அலறினான். அடுத்த நொடி அங்கே ரத்த வெள்ளம்.’

‘ஞ’ எங்கே இருக்கிறது என்று தேடவே வெகுநேரம் ஆனது. அடித்து முடித்ததும் திரையைப் பார்த்தேன். அவள் எழுதியதற்குக் கீழே அது எப்படி இருந்தது என்று எழுதக் கை வரவில்லை.

உடனே அழித்துவிடலாம் என்று அழிக்கும் விசையை அழுத்தினேன். அந்தத் திரை மெதுவானது. விரல் செய்ததை அது பிந்தித்தான் காட்டும். லாரி இன்னும் போகவில்லையே என்று விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். திரை ஒரு தடவை கறுத்து வெளுத்தது. லாரி இல்லை, ரத்தம் இல்லை. ஞானவேல் இல்லை. மண்டி வாசலே இல்லை.

ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. எதை எதையோ அழுத்தினேன். திரும்ப வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கதை ஒன்றை ஒரு தடவை கேட்டால் மறக்காதவள் நான். நான்கு தடவை படித்திருக்கிறேன். திரும்ப அடித்து வைத்துவிட முடியும்.

காலை முழுக்க அடித்தேன். ஏழு வரி.

ஜூலை 14, திங்கள்

முடியவில்லை. கதை ஞாபகம் இருக்கிறது. வார்த்தை ஞாபகம் இல்லை. ‘அவள் கண்கள் குளமாயின’ என்று அடித்துவிட்டு, இது அவள் எழுதியதில்லை, நான் சொல்வது என்று தெரிந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். ஒவ்வொரு வரியிலும் என் வாய் குறுக்கே வருகிறது.

மதியம் வந்து எங்கள் பழைய நாவல் ஒன்றை எடுத்தேன். மாமியார் இறந்த வீட்டில் மருமகள் இருக்கும் இடம். ‘அவ கதறி அழுதாள்னு எழுது’ என்று நான் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. புத்தகத்தில் அவள் அழவே இல்லை. கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தைப் படித்துவிட்டு எத்தனை பேர் எனக்குக் கடிதம் போட்டார்கள். எல்லாருக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். நான் சொன்னதுதான் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். பிறகு அலமாரியை மூடிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

முடித்துவிட்டேன். ஏறக்குறைய அவள் எழுதியதுதான். ஆனால் அவர் விரலியை ஒடித்ததற்கும் அவள் அவரைத் திரும்பிப் பார்த்ததற்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. அது வரவே மாட்டேன் என்கிறது. நான்கைந்து வரி போட்டுப் பார்த்தேன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. எதுவும் அது இல்லை. வெறுமனே விட்டுவிட்டேன்.

செடிகள் நன்றாக இருக்கின்றன. ஒன்று பூத்திருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

கோகிலாவுக்குப் பேத்தி. நேற்று மாலை திரும்பிவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, பெங்களூர் இனிப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தைக்கு அவளுடைய மூக்காம்.

சொல்லிவிட நினைத்தேன். குழந்தை பிறந்த வீட்டில் எதற்கு என்று விட்டேன்.

ஜூலை 21, திங்கள்

பத்து மணிக்கு வந்தாள். வழக்கமான திங்கள் போலவே இருந்தது. காபி போட எழுந்தேன். “வேண்டாமுங்க்கா, உக்காருங்க” என்றாள்.

“நான் ‘நின்றார்’னு எழுதினது ‘நின்றிருந்தார்’னு இருக்குது. என்னமோ நானே மாத்தி அடிச்சுட்டேன் போலன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு வரியைக் காணோம்.”

மேசை விரிப்பின் ஓரத்தை நீவினேன்.

“மண்டியில இருந்தப்ப ஒரு நாள் அவர் விரலியை ஒடிச்ச சத்தம் கேட்டு நான் பில்லுல தேதியைத் தப்பா எழுதிட்டேன். அது பழைய பில்லு, இருபது வருஷத்துக்கு முந்தினது. சத்தம் கேட்டதும் அதுதான் ஞாபகம் வருது அவளுக்கு. அந்த வரியைக் காணோமுங்க்கா.”

அதுதான். அதே வரிதான். அவள் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். லாரியைக்கூட மறைக்கவில்லை. சிரிப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. சிரிக்கவில்லை.

“அழிஞ்சது போகட்டுமுங்க்கா. எழுதினவளுக்கு மறுபடியும் எழுதத் தெரியாதா. வீட்டுக் கம்ப்யூட்டரை எல்லாரும் எடுப்பாங்க. போனை இவர் எடுத்துப் பார்ப்பாரு. பேப்பர்ல எழுதினா எங்க ஒளிச்சு வெக்கறது? அந்தப் பெட்டிக்குள்ள மட்டும் யாரும் வர மாட்டாங்கன்னு இருந்தேன். நீங்க ஆறு ஆறு வரியா உள்ள வந்துட்டீங்க.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கோகிலா. இத்தனை வருஷம்.”

“நீங்க கேக்கலீங்க்கா.”

எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அதை என் பேர்ல போடப் போறேன். முழுப் பேரும் போட்டு.”

ஜூலை 28, திங்கள்

வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

திருமாறனிடம் நானே பேசினேன். மணிவாணி இனி இல்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

“எழுதிட்டிருந்தது கோகிலாங்க. நான் கதை மட்டும் சொன்னேன்” என்றேன்.

“அது எங்களுக்குத் தெரியுமேம்மா” என்றார் அவர். “பிரதி எல்லாம் அவங்கதானே அனுப்பறாங்க. போன்ல நீங்க சொல்ற கதை ஒரு மாதிரி இருக்கும், வர்றது வேற மாதிரி இருக்கும். ஆபீஸ்ல எல்லாருக்குமே தெரியும்.”

எல்லாருக்குமே தெரியுமாம்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். பேப்பரைத் தாழ்த்தி, “அவ வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாயேன்” என்றார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அத்தனை தடவை போனேனே என்றேன். “அவ இருக்கறப்ப போ” என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

பத்து மணிக்கு நானே போனேன். கதவைத் திறந்தவள் கொஞ்ச நேரம் நிலையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே விடுவாள் என்று எனக்கு நிச்சயமில்லை. கிளம்பும்போது பேசவேண்டியதை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“வாங்க்கா” என்றாள் கடைசியில்.

ஜன்னலோர மேசையில் பெட்டி இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாக நான் கேட்காமலே சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். “சரிங்க்கா” என்றாள். அது மன்னிப்பா என்று தெரியவில்லை. டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதையாவது சொல்ல என் வாய் துடித்தது. ஒரு மாமியார் கதைகூடத் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, எனக்குத் தெரிந்த வரைக்கும் முதல் தடவையாக அவளைப் பற்றி அவளிடம் ஒன்று கேட்டேன்.

“அவர் நெசமாலுமே திரும்பி வந்தாரா?”

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் கடைக்குப் போயிருந்தார்.

“இல்லீங்க்கா. வரவே இல்ல. நான்தான் வர வெச்சேன்.”

பிறகு சொல்லத் தொடங்கினாள். இருபது வருடம் கழித்து அவர் வந்தால் எங்கே நிற்பார், அவள் பேசுவாளா மாட்டாளா, பேசினால் யாரைப் பற்றி விசாரிப்பாள் என்று. அவளுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை. முன்னும் பின்னுமாகப் போகிறாள், நடுவில் நிறுத்திச் சீலைத் தலைப்பைத் திருகுகிறாள். இரண்டு இடத்தில் ‘இப்படி வெச்சா நல்லா இருக்கும்’ என்று என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. டம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன். நான் நினைத்த எதுவும் அங்கே நடக்கவில்லை. அந்தப் பெண் அவரிடம் பேசாமல், கால் கிலோ மஞ்சள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வந்து குழம்பு வைக்கிறாள். அந்தக் குழம்பைப் புருஷன் நன்றாக இருக்கிறது என்கிறான். அவ்வளவுதான் முடிவு.

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இதை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

“எனக்குப் பொறாமையா இருக்குது கண்ணு” என்றேன். “படிச்ச அன்னைக்கே இருந்துச்சு. லாரி விட்டது அதனாலதான்.”

அவள் என் காலி டம்ளரை எடுத்துத் தன் டம்ளருக்குள் போட்டாள்.

“எனக்கும் இருந்துச்சுங்க்கா. இருபத்து மூணு வருஷமா. நீங்க எதையும் யோசிக்காம கடகடன்னு சொல்லிட்டே போவீங்க. நான் தலையைக் குனிஞ்சு எழுதிட்டே இருப்பேன். ஒரு நாளாவது இந்த அம்மாவுக்குக் கதை வராமப் போகணும்னு வேண்டிக்கிட்டே எழுதியிருக்கேன்.”

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டம்ளர்களோடு அவள் சமையலறைக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கிளம்பச் சொல்கிறாளோ என்று நான் எழுந்து நின்றேன்.

“குழம்பு வெக்கற எடம் மட்டும் சரியா வரலீங்க்கா” என்றாள் உள்ளேயிருந்து. “மறுபடியும் சொல்றேன். உக்காந்து கேளுங்க.”

உட்கார்ந்தேன்.